அது ஒண்ணும் பண்ணாதுங்க

காலை ஆறரை மணி. ரோஸ்மேரி பின்கதவை ஒரு சாண் திறந்து, கையில் வாளியோடு முற்றத்தை எட்டிப் பார்த்தாள். அடுத்த வீட்டுப் பின்கதவும் அதே அளவுக்குத்தான் திறந்திருந்தது. அங்கே செல்லத்தாய் வாளியோடு நின்றாள். அதற்கும் அடுத்த கதவில் வீரணன், தோளில் துண்டும் வாயில் பிரஷ்ஷுமாக. அந்த லைன் வீடுகளில் குடியிருந்த எல்லாருமே அப்படித்தான் நின்றார்கள். முற்றத்துக்கு அந்தப் பக்கம் கழிப்பறையும் தண்ணீர்த் தொட்டியும் இருந்தன. முற்றத்தின் நடுவில் வீட்டுக்காரர் லிங்கசாமியின் ராட்வீலர் நாய் படுத்திருந்தது.

"தூங்குதா?" என்று செல்லத்தாய் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"கண்ணு மூடித்தான் இருக்கு. காது தூங்கலையே. நீ கேட்டதும் திரும்புது பாரு" என்றாள் ரோஸ்மேரி.

முன்பக்கத்து மாடி வீட்டின் சமையலறை ஜன்னலில் லிங்கசாமியின் மனைவி பழனியம்மாள் தெரிந்தாள்.

"அக்கா, நாயக் கொஞ்சம் கட்டச் சொல்லுங்கக்கா. எட்டு மணிக்கு கம்பெனி வேன் வந்துரும்."

"அவரு டீக்கடைக்குப் போயிருக்கறாரு அம்மணி. பேப்பர் படிச்சுப்போட்டுத்தான் வருவாரு. எனக்கே அதுகிட்டப் போகப் பயமுங்க. சித்த நேரம் பொறுத்துக்கங்க."

அந்தச் சித்த நேரம் சில நாள் கால் மணியாகும், சில நாள் முக்கால் மணியாகும். மனிதனுக்குக் காலையில் அவசரம் என்று ஒன்று உண்டென்பது பேப்பர் படிக்கிறவருக்கு நினைவு வருவதில்லை. அவர் வீட்டுக்குள்ளேயே கழிப்பறை இருந்தது.

நெருப்பெரிச்சல் என்ற ஊரைத் தாண்டி வடக்கே போனால் ஊஞ்சக்காட்டுப்புதூர். பனியன் கம்பெனிகள் அந்தப் பக்கம் நகர்ந்து வந்தபோது, சோளம் விதைத்துக்கொண்டிருந்த நிலத்தின் ஒரு பகுதியை விற்று, தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர்களுக்காகத் தெருவை ஒட்டி லைன் வீடுகளைக் கட்டினார் லிங்கசாமி. கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குடியிருக்கிறவர்களை 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். ஒருமுறை பக்கத்துத் தோட்டத்தில் யாரோ போர்வெல் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். தன் மோட்டாரும் போய்விடும் என்ற பயத்தில் கோயமுத்தூரிலிருந்து ஒரு ராட்வீலர் குட்டியை வாங்கி வந்து ராக்கி என்று பெயர் வைத்தார். சாயப்பட்டறை வைத்திருக்கும் அவருடைய மச்சானின் பங்களாவிலும் அதே ஜாதி நாய் நின்றதும் ஒரு காரணம். அதை அவர் சொல்லிக்கொள்வதில்லை.

குட்டி வளர்ந்தது. பகல் முழுவதும் அதைத் தகரம் போட்ட ஒரு கூண்டில் அடைத்து வைத்தார். இரவில் முற்றத்தில் அவிழ்த்துவிட்டார். வெளியே நடத்திக்கொண்டு போனதில்லை. ஒரு சொல் கேட்கப் பழக்கியதும் இல்லை. மத்தியான வெயிலில் தகரம் கொதிக்கும்போது அது கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்து கம்பியைக் கடிக்கும். அதைப் பார்த்துவிட்டு, "என்னா வெறி பாத்தீங்களா! திருடன் வருவானுங்களா?" என்று பெருமையாகச் சிரிப்பார்.

யார் பயந்து சொன்னாலும் அவரிடம் ஒரே பதில்தான்.

"அது ஒண்ணும் பண்ணாதுங்க."

செல்லத்தாயின் மகளைத் துரத்திக் கதவு வரைக்கும் வந்த அன்று சொன்னார். வீரணனின் லுங்கியைக் கிழித்த அன்றும் சொன்னார். "வெளையாடுதுங்க. நீங்க ஓடறதுனாலதான் தொரத்துது. ஓடாம நின்னீங்கன்னா மோந்து பாத்துப்போட்டு அதுபாட்டுக்குப் போயிருமுங்க." இவ்வளவு மரியாதையாகச் சொல்கிற மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது? திட்டினால் திருப்பித் திட்டலாம். ஒவ்வொரு வார்த்தைக்கும் 'ங்க' போட்டு மறுக்கிறவரிடம் ரோஸ்மேரிக்குத் தொண்டை வரைக்கும் வந்த கோபம் அங்கேயே நின்றுபோகும்.

ஜூலை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. கம்பெனியில் அவசர ஷிப்மென்ட். வேனைத் தவறவிட்டால் அன்றைக்கு மெஷினில் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார்கள். ரோஸ்மேரி துணியின் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவளுக்கு மெஷின் போனால் அன்றைய பிழைப்பும் போயிற்று. ராக்கி முற்றத்தின் மூலையில் படுத்திருந்தது. இனிப் பொறுக்க முடியாது என்று அவள் வாளியோடு இறங்கினாள். லிங்கசாமி சொன்னபடியே ஓடாமல் மெதுவாகத்தான் நடந்தாள்.

பாதி முற்றம் கடக்கவில்லை. நாய் குரைக்கவும் இல்லை. எழுந்தது, வந்தது, வலது முன்கையைக் கவ்விவிட்டது. ரோஸ்மேரி போட்ட சத்தத்தில் அவள் கணவன் மிக்கேல் கதவை உதைத்துக்கொண்டு வந்தான். வீரணன் வாளியால் நாயின் முதுகில் அடித்தார். அப்போதும் அது விடவில்லை. தொட்டியிலிருந்து தண்ணீரை மொண்டு முகத்தில் வீசிய பிறகுதான் பிடி தளர்ந்தது. மிக்கேல் அவளை இழுத்துக்கொண்டு வந்து படியில் உட்கார வைத்தபோது, கிழிந்து தொங்கிய சதையைப் பார்த்துச் செல்லத்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அரசு மருத்துவமனையில் காயத்தைச் சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவினார்கள். ஊசி போட்டார்கள். கட்டை விரலை மடக்கச் சொன்ன டாக்டர், அது பாதியில் நின்றதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். லிங்கசாமி ஆட்டோ பிடித்துக் கொடுத்தார், பழம் வாங்கி வந்தார், கட்டில் பக்கத்தில் நின்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார்:

"ஒரு நாளும் இப்புடிப் பண்ணுனதில்லீங்க. நீங்க வாளிய ஆட்டிப்போட்டீங்களாட்ட இருக்குது."

ரோஸ்மேரி கண்ணை மூடிக்கொண்டாள். மூடாவிட்டால் ஏதாவது சொல்லியிருப்பாள்.

கட்டுப் போட்ட கையோடு அவளும் மிக்கேலும் காவல் நிலையத்துக்குப் போனார்கள். எழுதிக்கொண்டிருந்த ஏட்டு தலையை நிமிர்த்தி, "என்ன நாயி?" என்று கேட்டார்.

"ராட்வீலர்னு சொல்லுதாவ சார்."

"அந்த நாயி வளக்கக் கூடாதுன்னு தடை இருக்குதா?"

"அத நாங்கதான் சார் உங்ககிட்டக் கேக்கோம்."

"அப்படி ஒண்ணும் இல்லீங்கம்மா. தடை இல்லாத நாய வெச்சிருந்ததுக்கு என்னன்னு கேஸ் எழுதறது? அதுவும் நீங்க குடியிருக்கற ஊட்டுக்காரரு மேலயே. நாளைக்கு ஊட்டைக் காலி பண்ணுன்னா எங்க போவீங்க? நான் வேணும்னா கூப்புட்டுச் சொல்றேன். போங்க."

நாய் எந்த ஜாதியானாலும் சரி, மிருகத்தைக் கவனக்குறைவாக வைத்திருந்து பிறருக்கு ஆபத்து உண்டாக்கினால் வளர்ப்பவர்மேல் வழக்குப் போடச் சட்டத்தில் பிரிவு உண்டு. அதை அவர் சொல்லவில்லை. இவர்களுக்கும் தெரியவில்லை.

"அப்ப சட்டம் போடட்டும். இந்த மாதிரி நாய நாட்டுலயே வளக்கக் கூடாதுன்னு போடட்டும்" என்று வழியெல்லாம் ரோஸ்மேரி பொருமிக்கொண்டே வந்தாள். ஊராட்சித் தலைவர் அய்யாசாமியிடம் போய் அதையே சொன்னாள். அவர் காயத்தைப் பார்த்துப் பதறினார். ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையில் தீர்மானம் கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்தார், கொண்டும் வந்தார்.

"ஆபத்தான வெளிநாட்டு ஜாதி நாய்களான ராட்வீலர், டாபர்மேன், அல்சேஷன் ஆகியவற்றை நமது ஊராட்சி எல்லைக்குள் வளர்க்கக் கூடாது" என்று அவர் வாசித்து முடிக்கவில்லை, நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் ஆலை வைத்திருக்கும் கன்னையன் எழுந்தார்.

"தலைவரே, அல்சேஷன எப்புடீங்க சேக்கலாம்? போலீஸ்காரங்களே அதத்தான வெச்சிருக்கறாங்க?"

அல்சேஷன் போயிற்று. இன்னொருவர் எழுந்து, தன் வீட்டில் இருப்பது டாபர்மேனே அல்ல, அப்பன் மட்டும்தான் டாபர்மேன், ஆத்தா நாட்டு நாய் என்றார். அப்பன் ஜாதியைச் சேர்ப்பதா, ஆத்தா ஜாதியைச் சேர்ப்பதா என்று ஒரு வாக்குவாதம். தெருநாய்தான் அதிகம் கடிக்கிறது, அதை முதலில் கேளுங்கள் என்று பின்னாலிருந்து ஒரு குரல். கால்நடை டாக்டரைக் கேட்டதற்கு அவர், கலப்பு நாயைப் பார்த்து இன்ன ஜாதி என்று உறுதியாக எழுதித் தர முடியாது என்று கையை விரித்தார். டாபர்மேனும் போயிற்று. கடைசியில் தீர்மானத்தில் மிஞ்சியது ஒரே ஒரு ஜாதி. அந்த ஊரில் அந்த ஜாதி நாய் இருந்தது ஒரே ஒரு வீட்டில். சுற்றி எல்லாரும் கை தூக்குவதைப் பார்த்து லிங்கசாமியும் கை தூக்கினார்.

கை தூக்கியபடியே அவர் நடந்தும் கொண்டார். அந்த வாரமே ராக்கியை ஒரு டெம்போவில் ஏற்றிக் கணியூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குக் கொடுத்தனுப்பினார். முற்றம் காலியானது. மறுநாள் காலையில் செல்லத்தாய் வாளியை ஆட்டிக்கொண்டே நடந்தாள். வீரணன் வேண்டுமென்றே முற்றத்தின் நடுவில் நின்று பல் விளக்கினார். ரோஸ்மேரி கம்பெனிக்குத் திரும்பினாள். கட்டை விரல் துணியைச் சரியாகத் தள்ளாததால் ஓவர்லாக்கிலிருந்து எடுத்து அவளைப் பிசிர் வெட்டும் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். அந்த வருத்தத்திலும், காலையில் பயமில்லாமல் கதவைத் திறக்க முடிகிறதே என்று ஒரு நிம்மதி.

அந்த நிம்மதி செப்டம்பர் வரைக்கும் நீடித்தது.

ஒரு காலையில் அவள் பின்கதவைத் திறந்தாள். முற்றத்தின் நடுவில் செம்பழுப்பு நிறத்தில், கறுத்த முகத்தோடு ஒரு நாய் நின்று உறுமியது. படாரென்று கதவைச் சாத்தினாள்.  மடங்காத கட்டை விரலோடு தாழைத் தள்ளிப் போட்டாள்.

அன்று சாயங்காலம் எல்லாரும் சேர்ந்து லிங்கசாமியிடம் போனார்கள்.

"என்ன அண்ணாச்சி இது?"

"இது கோம்பை நாயிங்க. நம்ம நாட்டு நாயி. தீர்மானத்துல இது இல்லீங்களே" என்றார் லிங்கசாமி. அவர் முகத்தில் குறும்போ கள்ளமோ இல்லை. நியாயமாகத்தான் நடந்துகொண்டிருப்பதாக அவர் நம்பினார். "மோட்டாருக்குக் காவல் வேணுமுங்களே. நீங்க வேண்டாம்னு சொன்ன ஜாதியக் குடுத்துப்போட்டனுங்க. வேறென்ன பண்றது சொல்லுங்க?"

"பேரு என்ன வச்சிருக்கீக?" என்று வீரணன் கேட்டார்.

"ராக்கிதானுங்க."

அதே பெயர். அதே தகரக் கூண்டு. பகலெல்லாம் அதே அடைப்பு. காலையில் அதே டீக்கடை, அதே பேப்பர். வீரணனுக்குத் தாங்கவில்லை. "ஏப்பா, எங்க ஊர்ப் பக்கம் இந்த நாயி வளத்திருக்கோம். தங்கமான நாயி. அதையும் இந்தத் தகரத்துல போட்டு வறுத்தா அது என்னதான் செய்யும்?"

"அது ஒண்ணும் பண்ணாதுங்க" என்றார் லிங்கசாமி.

மறுபடியும் பின்கதவுகள் ஒரு சாண் திறந்தன. மறுபடியும் வாளியோடு நின்றார்கள். ரோஸ்மேரிக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அவள் கேட்டதுதான் நடந்திருக்கிறது. அந்த ஜாதி நாய் ஊரை விட்டுப் போய்விட்டது. ஆனால் அவள் கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்லத்தாயின் மகள் கழிப்பறையிலிருந்து வெளியே வரும்போது கோம்பை பாய்ந்தது. பாவாடை பல்லில் சிக்கிக் கிழிந்தது. குழந்தை திரும்பக் கழிப்பறைக்குள் ஓடித் தாழ் போட்டுக்கொண்டு அலறினாள். நாய் கதவைப் பிறாண்டியது. லிங்கசாமி வந்து அதைப் பிடித்துக் கட்டும் வரைக்கும் அவள் வெளியே வரவில்லை. வந்ததும் வெளுத்த முகத்தோடு அம்மாவின் சேலையைப் பற்றிக்கொண்டாள்.

லிங்கசாமி குனிந்து குழந்தையின் காலைப் பார்த்தார். "பல்லு படவேயில்லீங்க. துணிதானுங்க. நல்லவேளை. ஒண்ணும் பண்ணலீங்களே!"

சமையலறைப் படியில் நின்றிருந்த பழனியம்மாள் இறங்கி வந்தாள். இத்தனை வருடத்தில் கணவரை எதிர்த்து மற்றவர் முன்னால் அவள் ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.

"ஒண்ணும் பண்ணலீங்களா? அந்தப் புள்ளையப் பாருங்க. மூச்சு வாங்க முடியாம நிக்குது. இந்த அம்மணி கையப் பாருங்க. போன நாயி கடிச்சப்பவும் இதத்தான் சொன்னீங்க. நானும் உங்ககூடச் சேந்து, பொறுத்துக்கங்க பொறுத்துக்கங்கன்னு ஜன்னல்ல நின்னு சொல்லீட்டே இருந்தனுங்க. எனக்கே பயம், அத அவங்களப் பொறுத்துக்கச் சொன்னன் பாருங்க, எனக்கு வெக்கமா இருக்குதுங்க."

பிறகு குடியிருப்பவர்கள் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு வெடியால இருந்து ஆரும் இந்த முத்தத்துல எறங்காதீங்க. தெருவழியா எங்க ஊட்டுக்கு வாங்க. எங்க பாத்ரூம்ல போங்க, எங்க கொழாயில தண்ணி புடிங்க. முன்கதவத் தெறந்து வெக்கறன்."

சும்மா கோபத்தில் சொல்கிறாள் என்றுதான் லிங்கசாமி நினைத்தார்.

மறுநாள் அவர் கண் விழித்துக் கூடத்துக்கு வந்தபோது, சோபாவை ஒட்டி ஒரு வரிசை நின்றது. முதலில் வாளியோடு செல்லத்தாய், அவள் பின்னால் மகள், அப்புறம் துண்டோடு வீரணன், மிக்கேல், ரோஸ்மேரி. மீதிப் பேர் வாசற்படியிலும் தெருவிலும். வழுவழுப்பான டைல்ஸ் தரையெல்லாம் ஈரக் கால்தடம். பாத்ரூம் கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ இருமினார்கள்.

"பழனி! நான் போகோணுமே!"

"வரிசையில நில்லுங்க" என்றாள் பழனியம்மாள் சமையலறையிலிருந்து. "அவங்கெல்லாம் வேலைக்குப் போறவங்க. உங்குளுக்கு என்னங்க அவசரம்? சித்த நேரம் பொறுத்துக்கங்க."

அவர் ரோஸ்மேரிக்குப் பின்னால் போய் நின்றார். கொஞ்ச நேரத்தில் ஒரு காலை மாற்றி நின்றார். பிறகு வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். டீக்கடைக்கும் போக முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. ரோஸ்மேரி அவரைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு வரும் என்று நினைத்தாள், வரவில்லை. வேர்த்த முகத்தோடு நின்ற அந்த மனிதரிடம் அமைதியாகச் சொன்னாள்:

"நாங்க தெனமும் இப்படித்தான் அண்ணாச்சி நின்னோம். கூட ஒரு நாயும் நின்னுச்சு."

 அன்று லிங்கசாமி பேப்பர் படிக்கவும் போகவில்லை. முற்றத்தில் இறங்கி, கூண்டின் தகரத்தைத் தொட்டுப் பார்த்தார். வெயில் ஏறியதும் மறுபடி வந்து தொட்டுக் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். அந்த வாரத்திலேயே மோட்டார் ரூமைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கம்பி வேலி வந்தது. அதற்குள்ளே கீற்றுக் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி, நாய் நடமாட இடம். கோம்பைக்கு ஊசி போட்டார். காலையில் சங்கிலியைப் பிடித்து அதை வாய்க்கால் மேடு வரைக்கும் நடத்திக்கொண்டு போனார். ரோஸ்மேரியின் வைத்தியச் செலவை அவளிடம் கேட்காமலே ஏற்றுக்கொண்டார். அவள் கட்டை விரல் மட்டும் பழையபடி மடங்கவில்லை. அதை யாராலும் சரிக்கட்ட முடியாது.

அக்டோபர் இரண்டாம் தேதி கிராம சபையில் லிங்கசாமியே எழுந்து நின்றார்.

"தலைவரே, ஆகஸ்டுல போட்ட தீர்மானத்த மாத்தோணுமுங்க. ஒரு ஜாதி நாயி கூடாதுன்னு எழுதுனீங்க. நான் நாய மாத்துனனே ஒழிய என்னைய மாத்திக்கலீங்க. எனக்கு அது தப்பிச்சுக்கற சந்து மாதிரி ஆயிப்போச்சுங்க."

"அப்பப் பெரிய நாயும் சின்ன நாயும் ஒண்ணுங்களா?" என்று கன்னையன் கேட்டார்.

இதற்கு ரோஸ்மேரி எழுந்தாள். "ஒண்ணு இல்ல. அந்த நாயி கடிச்ச கடி என் கையில இருக்கு. அப்படித் தாடை இருக்குற நாய வளக்கணும்னா கூடுதல் கட்டுப்பாடு வேணும். எல்லாரும் வளக்க முடியாதுன்னுகூடச் சட்டம் வரட்டும், நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா ஒரு பேர மட்டும் எழுதி வச்சா, அந்தப் பேர்ல இல்லாத நாயெல்லாம் அவுத்து விடலாம்னு ஆயிருதுல்லா?"

அய்யாசாமி தலையை ஆட்டிக்கொண்டே புதிதாக ஒரு தீர்மானத்தைச் சொல்லி எழுத வைத்தார். நாய் வளர்ப்பவர் அதற்கு ஊசி போட வேண்டும். பிறர் நடக்கிற இடத்தில் அவிழ்த்துவிடக் கூடாது. பகலெல்லாம் அடைத்து வைத்து வெறியேற்றக் கூடாது. கடித்தால் வைத்தியத்துக்கும் இழந்த கூலிக்கும் வளர்ப்பவரே பொறுப்பு. வாசித்து முடித்ததும் பின்வரிசையில் ஒருவர் கையைத் தூக்கினார். டாபர்மேனின் ஆத்தா நாட்டு நாய் என்று அன்றைக்கு வாதாடியவர்தான்.

"எல்லாஞ் சரிங்க தலைவரே. இது எந்த ஜாதிக்குங்க பொருந்தும்?"

ரோஸ்மேரிக்கு ஜூலை மாதத்திலிருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து வந்தது.

"மனுச ஜாதிக்குங்க" என்றாள். "நாயிக்குச் சட்டம் வாசிக்கத் தெரியாது. அத வளக்குறவருக்குத் தெரியும்லா, அவருக்குத்தான்."